முப்பது வருஷம் வாழ்ந்தவரும் இல்லை, தாழ்ந்தவரும் இல்லை: ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

"முப்பது வருஷம் வாழ்ந்தவரும் இல்லை, முப்பது வருஷம் தாழ்ந்தவரும் இல்லை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். ஆனால் இத்தாலியில் 600 வருஷத்துக்கு முன்னால் பணக்காரராக இருந்த குடும்பங்களே இன்றைக்கும் பணக்காரர்களாக இருப்பதாகச் செய்தி படித்தேன். இரண்டில் எது சரி?" என்பது கேள்வி.

பழமொழி பணத்தைப் பற்றியது என்றால் ஏறக்குறைய சரி. குடும்பம் சமூகத்தில் நிற்கும் இடத்தைப் பற்றியது என்றால் தப்பு. இத்தாலிச் செய்தியும் உண்மைதான், ஆனால் தலைப்பில் போட்ட அளவுக்கு இல்லை. முதலில் அதையே பார்த்துவிடலாம்.

1427-ல் பிளாரன்ஸ் குடியரசு மிலானோடு போர் நடத்திக் கஜானாவைக் காலி செய்திருந்தது. புதிதாக வரி போட வேண்டும். அதற்காக ஒவ்வொரு குடும்பத் தலைவரும் தன் தொழில், சொத்து எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். நகரத்தில் மட்டும் சுமார் 10,000 குடும்பங்கள். அந்தப் பதிவேடு அழியாமல் இருக்கிறது. இத்தாலிய மத்திய வங்கியைச் சேர்ந்த குலியெல்மோ பரோனே, சௌரோ மொச்செத்தி என்ற இரு பொருளியலாளர்கள் அதிலிருந்த குடும்பப் பெயர்களை எடுத்து, 2011-ல் அதே ஊரில் வரி கட்டியவர்களின் குடும்பப் பெயர்களோடு பொருத்திப் பார்த்தார்கள். 2016-ல் இது உலகம் முழுக்கச் செய்தியானது.

அவர்கள் கண்ட அளவு எவ்வளவு தெரியுமா? 1427-ல் 100 பேரைக் குறைந்த வருமானத்திலிருந்து தொடங்கி வரிசையாக நிறுத்தினால் 90-வது இடத்தில் நின்ற குடும்பத்தின் பெயரையும், 10-வது இடத்தில் நின்ற குடும்பத்தின் பெயரையும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்று முதல் பெயர்க்காரர்களின் வருமானம் இரண்டாம் பெயர்க்காரர்களுடையதைவிடச் சராசரியாக 5 சதவீதம் அதிகம். சொத்தில் 12 சதவீதம். அவ்வளவுதான். "அதே குடும்பங்கள்தான் இன்றும் ஆள்கின்றன" என்பதற்கும் இதற்கும் வெகு தூரம்.

ஆனாலும் பொருளியலாளர்கள் வாயைப் பிளந்ததற்குக் காரணம் உண்டு. 600 வருஷம் என்பது சுமார் 20 தலைமுறை. முன்னோரின் சாதகம் தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகக் குறைந்தாலே, 20 தலைமுறையில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் மிஞ்ச வேண்டும். எதுவுமே தெரியக் கூடாது. தெரிந்தது. குறையும் உண்டு: ஒரே குடும்பப் பெயர் என்றால் ஒரே வம்சம் என்று உறுதியில்லை, ஊரைவிட்டுப் போனவர்களும் வாரிசு இல்லாமல் அற்றுப்போனவர்களும் கணக்கில் வருவதில்லை. அதை ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டு, முடிந்தவரை சரிபார்த்தும் இருக்கிறார்கள்.

இனி அடிப்படைக் கணக்கு. தந்தையின் வருமானம் ஊர்ச் சராசரியைவிட நூறு சதவீதம் அதிகம் என்றால், மகனுடையது எத்தனை சதவீதம் அதிகமாக இருக்கும்? 20 சதவீதம் என்றால் எண் 0.2, 60 சதவீதம் என்றால் 0.6. இதைத் தலைமுறை நெகிழ்ச்சி என்பார்கள். எண் பெரிதாக ஆக, பிறப்பே இடத்தைத் தீர்மானிக்கிறது என்று பொருள். யோசனை 1880-களிலேயே பிரான்சிஸ் கால்டன் பெற்றோர், பிள்ளைகளின் உயரத்தை அளந்தபோது தொடங்கியது. மிக உயரமானவர்களின் பிள்ளைகளும் உயரமாகத்தான் இருந்தார்கள், ஆனால் பெற்றோர் அளவுக்கு இல்லை. சராசரியை நோக்கி இறங்கினார்கள். பணத்துக்கும் இதே போக்குதான் என்று நூறு வருஷம் கழித்துக் கணக்குப் போட்டார்கள்.

1986-ல் பொருளியலாளர்கள் கேரி பெக்கரும் நைஜல் டோம்ஸும் எழுதிய கட்டுரை கிட்டத்தட்ட நம் பழமொழியையேதான் சொன்னது: முன்னோரின் வருமானச் சாதக பாதகங்கள் அநேகமாக எல்லாமே மூன்று தலைமுறையில் துடைக்கப்பட்டுவிடும் என்று. அன்று கையில் இருந்த அமெரிக்க மதிப்பீடுகள் 0.2-ஐ ஒட்டியிருந்தன. அந்த எண்ணை வைத்துப் பாருங்கள்: தந்தைக்கு நூறு சதவீதம் அதிகம் என்றால் மகனுக்கு 20, பேரனுக்கு 4, கொள்ளுப்பேரனுக்கு ஒன்றுகூட இல்லை. அமெரிக்கா வாய்ப்புகளின் நாடு என்ற நம்பிக்கைக்கு இதைவிட நல்ல சான்றிதழ் வேண்டாம்.

சான்றிதழில்தான் ஓட்டை இருந்தது. ஒரே ஒரு வருஷத்து வருமானத்தை வைத்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். ஒரு வருஷத்து வருமானம் ஒருவரின் நிலையைச் சொல்லாது. அந்த வருஷம் வேலை போயிருக்கலாம், உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கலாம், எதிர்பாராத லாபம் வந்திருக்கலாம். இந்த ஏற்ற இறக்கம் மகனுக்குப் போகாது. அது கணக்கில் கலந்தால் தந்தைக்கும் மகனுக்கும் உள்ள தொடர்பு இருப்பதைவிட மெலிதாகத் தெரியும். 1992-ல் கேரி சோலனும் டேவிட் சிம்மர்மனும் தனித்தனியாக, ஒரே ஆய்விதழின் ஒரே இதழில், பல வருஷச் சராசரியை எடுத்துக் கணக்கிட்டார்கள். எண் 0.4-ஆக ஏறியது. சோலன் பயன்படுத்தியது 1968-ல் மிச்சிகன் பல்கலைக்கழகம் தொடங்கி, அதே குடும்பங்களைத் திரும்பத் திரும்ப விசாரித்துவரும் கணக்கெடுப்பு. 2005-ல் பாஸ்கர் மஜும்தார் சமூகப் பாதுகாப்பு நிதிப் பதிவுகளிலிருந்து தந்தையின் 16 வருஷ வருமானம்வரை சராசரி எடுத்தபோது எண் 0.6-ஐத் தொட்டது.

0.2-க்கும் 0.6-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். 0.6-ல் மகனுக்கு 60, பேரனுக்கு 36, கொள்ளுப்பேரனுக்குச் சுமார் 22. மூன்று தலைமுறை தாண்டியும் தாத்தாவின் நிழல் விலகவில்லை. நாடு மாறவில்லை, மக்கள் மாறவில்லை, அளக்கும் விதம் மட்டும்தான் மாறியது. இந்தத் துறையில் எந்தச் செய்தி படித்தாலும் நான் முதலில் தேடுவது, எத்தனை வருஷத்து வருமானத்தை எடுத்தார்கள் என்பதைத்தான்.

இதற்கு மேலும் ஒருபடி போனவர் பொருளாதார வரலாற்றாசிரியர் கிரிகரி கிளார்க். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர் பட்டியல்களில் அரிய குடும்பப் பெயர்களைத் தேடினார். சுவீடனின் பிரபுக் குடும்பப் பெயர்களைப் பார்த்தார். வங்காளத்தில் டாக்டர்களின் பெயர்களை எடுத்துக் குலீனர் என்ற மேல்தட்டுப் பிராமணர்களின் பெயர்கள் எத்தனை என்று எண்ணினார். எங்கே பார்த்தாலும் எண் 0.7, 0.8 என்றே வருகிறது, ஆட்சி மாறினாலும் இலவசக் கல்வி வந்தாலும் அசைவதில்லை என்பது 2014-ல் அவர் சொன்ன முடிவு.

இதை நான் முழுதாக ஏற்கவில்லை. குடும்பப் பெயர் தனி மனிதரை அளப்பதில்லை, ஒரு கூட்டத்தின் சராசரியை அளக்கிறது. கூட்டத்துக்குப் பொதுவான விஷயங்கள், அதாவது சாதி, இனம், வாழும் பகுதி எல்லாம் அந்தச் சராசரியில் ஏறிவிடும். கூட்டம் மெதுவாக நகரும். உள்ளே இருக்கும் தனி ஆட்கள் வேகமாக மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கலாம். ராஜ் செட்டி, சோலன் உள்பட வேறு பலரும் இதே ஆட்சேபத்தை எழுப்பினார்கள். ஆனால் கிளார்க்கின் உள்ளுணர்வு முழுக்கப் பொய்யும் இல்லை. சுவீடனின் மால்மோ நகரில் 1938-ல் மூன்றாம் வகுப்பு படித்த பிள்ளைகள் எல்லாரையும் வைத்துத் தொடங்கிய ஓர் ஆய்வு, பின்னாளில் நான்கு தலைமுறைக்கு நீண்டது. குடும்பப் பெயர் வித்தை எதுவும் இல்லை, நேரடி வாரிசுகள். அதிலும் தாத்தா, கொள்ளுத்தாத்தாவின் தாக்கம், இரண்டு தலைமுறைக் கணக்கை வைத்துப் பெருக்கினால் வருவதைவிட அதிகமாகவே இருந்தது.

(தமிழ்நாட்டில் கிளார்க்கின் முறை செல்லாது. நமக்கு அப்பா பெயரின் இனிஷியல்தான், தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிடும். சாதிப் பட்டங்களையும் 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் விடச் சொல்லித் தீர்மானம் போட்டு, கணிசமானோர் விட்டேவிட்டார்கள். சமூகத்துக்கு நல்லது, ஆய்வாளருக்குத் தலைவலி.)

சரி, அப்படியென்ன போகிறது ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்கு? பணமா, படிப்பா, ரத்தமா, பழக்கமா? என்னைக் கேட்டால் இந்தத் துறையின் சுவையே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஏனென்றால் சரித்திரமே சில குரூரமான பரிசோதனைகளைச் செய்து வைத்திருக்கிறது.

முதலாவது, பணம் திடீரென்று வந்தவர்கள். 1832-ல் ஜார்ஜியா மாநிலம் செரோக்கி பழங்குடியினரிடமிருந்து பறித்த நிலத்தைக் குலுக்கல் முறையில் வெள்ளையர்களுக்குக் கொடுத்தது. ஏறக்குறைய எல்லா வெள்ளை ஆண்களும் சீட்டுப் போடலாம். ஒருவருக்கு விழும் நிலத்தின் மதிப்பு அன்றைய நடுத்தரக் குடும்பம் ஒன்றின் மொத்தச் சொத்துக்கு இணை. குலுக்கலில் விழுந்தவருக்கும் விழாதவருக்கும் அதிர்ஷ்டத்தைத் தவிர வித்தியாசம் கிடையாது. ஹோய்ட் பிளீக்லி, ஜோசப் ஃபெர்ரி இருவரும் பின்னாளைய மக்கள்தொகைப் பதிவேடுகளில் இவர்களின் வாரிசுகளைத் தேடிப் பிடித்தார்கள். பரிசு விழுந்தவர்களின் மகன்கள் மற்றவர்களின் மகன்களைவிட அதிகம் படித்திருக்கவில்லை. அதிகம் சம்பாதிக்கவும் இல்லை. பேரன்களும் அப்படியே. பழமொழி இங்கே அப்படியே பலித்திருக்கிறது.

இரண்டாவது, பணம் திடீரென்று போனவர்கள். அமெரிக்கத் தெற்கில் அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு அந்த மனிதர்களே சொத்தின் பெரும்பங்கு. உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்தபோது அந்தச் சொத்து ஒரே அடியில் இல்லாமல் போனது, நஷ்ட ஈடும் கிடையாது. பிலிப் ஏகர், லியா பூஸ்டன், கேத்தரின் எரிக்சன் மூவரும் அந்தக் குடும்பங்களைப் பின்தொடர்ந்தார்கள். போருக்கு முன் அவர்களுக்குச் சமமான சொத்தோடு இருந்து, அடிமைகளை அதிகம் வைத்துக்கொள்ளாததால் குறைவாக இழந்த குடும்பங்களோடு ஒப்பிட்டார்கள். 1900-க்குள் மகன்கள் அந்த இடைவெளியை அநேகமாக எட்டிப் பிடித்துவிட்டார்கள். 1940-க்குள் பேரன்கள் முழுக்கச் சமமாகிவிட்டார்கள். நிலம், பணம் எல்லாம் போனாலும் யாரைத் தெரியும், எந்த வீட்டில் பெண் எடுக்கலாம் என்பது போகவில்லை. அந்தத் தொடர்புகளே கைகொடுத்திருக்க வேண்டும் என்பது அவர்களின் ஊகம்.

சீனா இதைவிடக் கடுமையான சோதனை. 1949 புரட்சியை ஒட்டி நிலக்கிழார், பணக்கார விவசாயி என்று முத்திரை குத்தப்பட்ட குடும்பங்களின் நிலம் பறிக்கப்பட்டது. 1966 முதல் 1976 வரை பண்பாட்டுப் புரட்சி. அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு வாசலும் அடைபட்டது. அந்த நடுத் தலைமுறையில் பழைய சாதகம் உண்மையிலேயே காணாமல் போனது. அரசு நினைத்தது நடந்தது. ஆனால் பேரன் பேத்திகள் காலத்தில் திரும்பி வந்துவிட்டது: பழைய மேல்தட்டுக் குடும்பங்களின் மூன்றாம் தலைமுறை மற்றவர்களைவிட 16 சதவீதம் அதிகம் சம்பாதிக்கிறது, பள்ளியில் படித்த வருஷங்களும் 11 சதவீதம் அதிகம். அல்பர்ட்டோ அலெசினாவும் அவரோடு உழைத்தவர்களும் செய்த கணக்கு இது. உழைப்பு, படிப்பு பற்றிய மனப்பான்மை வீட்டுக்குள்ளேயே கடத்தப்பட்டது என்பது அவர்களின் விளக்கம். "மனப்பான்மை" என்ற சொல்லைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். ஏழைக்கு முயற்சி போதாது என்று சொல்ல ஆசைப்படுபவர்களுக்கு அது சௌகரியமான சொல். ஆனாலும் எண்கள் எண்கள்தான்.

மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், பணம் மட்டும் கைமாறினால் அது நிலைப்பதில்லை; பணம் மட்டும் போனால் குடும்பம் மீண்டுவிடுகிறது. அதற்காக ரத்தத்தில் ஓடுகிறது என்று தாவிவிட வேண்டாம். சுவீடனில் தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்தவர்கள், அவர்களின் சொத்து பெற்றவர்களைவிட வளர்த்தவர்களின் சொத்தோடுதான் அதிகம் ஒட்டிப் போகிறது என்று கண்டார்கள். வளரும் இடமும் பேசுகிறது. 1990-களில் அமெரிக்க அரசு ஐந்து பெருநகரங்களில் ஏழைக் குடும்பங்களுக்குக் குலுக்கல் முறையில், வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபோக வாடகை உதவி கொடுத்தது. பெரியவர்களின் வருமானம் உயரவில்லை. 13 வயதுக்குள் அங்கே போன பிள்ளைகள், இருபதுகளின் நடுவில் மற்றவர்களைவிட 31 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். போகும்போது வயது ஏற ஏறப் பலன் குறைந்தது. ரத்தம் மாறவில்லை, பெற்றோரின் பையில் பணமும் கூடவில்லை. தெருவும் பள்ளியும் மாறின.

அடுத்து, ஏற்றத்தாழ்வுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? 2012 ஜனவரியில், ஒபாமாவின் பொருளாதார ஆலோசகராக இருந்த ஆலன் குரூகர் ஒரு வரைபடத்தைக் காட்டினார். மைல்ஸ் கோரக் திரட்டிய எண்கள். ஏற்றத்தாழ்வு குறைவான டென்மார்க்கில் தலைமுறை நெகிழ்ச்சி சுமார் 0.15, அதிகமான அமெரிக்காவில் சுமார் 0.47. படிக்கட்டின் படிகள் விலக விலக ஏறுவதும் கஷ்டமாகிறது என்று அதைப் படித்தார்கள். நாடுகள் கொஞ்சம்தான், தொடர்பு இருந்தால் காரணம் என்று ஆகிவிடாது. அதோடு ராஸ்முஸ் லேண்டர்சோவும் ஜேம்ஸ் ஹெக்மனும் டென்மார்க்கைத் தோண்டிப் பார்த்து ஒரு சங்கடமான விஷயம் சொன்னார்கள்: படிப்பு விஷயத்தில் டென்மார்க் பிள்ளைகளும் அமெரிக்கப் பிள்ளைகளும் பெற்றோரை ஒரே அளவில்தான் பின்தொடர்கிறார்கள். டென்மார்க்கில் வரியும் உதவித்தொகையும் நெருக்கமான சம்பள விகிதங்களும் சேர்ந்து, படிக்காதவரும் வெகு கீழே விழாமல் பார்த்துக்கொள்கின்றன. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

மேலே ஏறுவது என்பதையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். வரிசையில் முன்னால் போவது ஒன்று. அப்பாவைவிட நன்றாக வாழ்வது இன்னொன்று. வரிசையில் ஒருவர் முன்னேறினால் ஒருவர் பின்னால் போயே ஆக வேண்டும். இரண்டாவதற்கு அந்தக் கட்டாயம் இல்லை. அமெரிக்காவில் 1940-ல் பிறந்தவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் தம் பெற்றோரைவிட அதிகம் சம்பாதித்தார்கள். 1980-களில் பிறந்தவர்களில் பாதிப் பேர்தான். ராஜ் செட்டி குழு 2017-ல் இதை வெளியிட்டது. நாட்டின் வளர்ச்சி வேகம் குறைந்ததாலா என்று பார்த்தார்கள். பழைய வேகத்தில் வளர்ந்திருந்தாலும் 62 சதவீதம்தான் தேறியிருக்கும். இப்போதைய வளர்ச்சியையே 1940-ல் பிறந்தவர்கள் காலத்துப் பங்கீட்டோடு பிரித்திருந்தால் 80 சதவீதம். ஏற்றத்தாழ்வு ஏன் முக்கியம் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த இரண்டு எண்களைத்தான்.

இந்தியாவுக்கு வருவோம். 1922 வருமான வரிச் சட்டம் வந்ததிலிருந்து வரிப் புள்ளிவிவரம் இருக்கிறது. அதை அடிப்படையாக வைத்து லூக்கா சான்சல், தோமா பிக்கெட்டி உள்ளிட்ட பொருளியலாளர்கள் போட்ட கணக்கில், மேல்தட்டு ஒரு சதவீதத்தினரின் பங்கு 1930-களின் கடைசியில் நாட்டு வருமானத்தில் சுமார் 21 சதவீதம். 1980-களின் தொடக்கத்தில் 6 சதவீதமாக விழுந்தது. 2022-23-ல் 22.6 சதவீதம், அந்த நூறு வருஷக் கணக்கில் இதுவே உச்சம். வரி கட்டுவோர் நம் நாட்டில் சிறு கூட்டம், வரிப் புள்ளிவிவரம் நடுவில் சில வருஷம் வெளிவரவே இல்லை, இடைவெளிகளை வேறு கணக்கெடுப்புகளால் நிரப்பியிருக்கிறார்கள். ஆகவே தசமப் புள்ளிக்கு அடுத்த எண்ணை நம்பிச் சண்டை போட வேண்டாம். கீழே போய் மேலே வந்த வளைவு மட்டும் திடமானது.

அந்த வளைவு ஏறிய காலத்தில் ஏழை வீட்டுப் பிள்ளையின் இடம் மாறியதா? சாம் ஆஷர், பால் நோவோசாட், சார்லி ராஃப்கின் மூவரின் ஆய்வு இதற்கு இப்போது இருப்பதில் சிறந்த பதில். படிப்பில் கீழ்ப்பாதியில் இருக்கும் தந்தைகளின் மகன்கள், தம் வயதினர் 100 பேரில் கீழிருந்து சராசரியாக எத்தனையாவது படிப்பு இடத்துக்கு வருகிறார்கள் என்று பார்த்தார்கள். பிறப்புக்கும் படிப்புக்கும் தொடர்பே இல்லை என்றால் விடை 50. அசைவே இல்லை என்றால் 25. இந்தியாவில் 37-ஐ ஒட்டி. 1950-களில் பிறந்தவர்களுக்கும் சரி, 1980-களில் பிறந்தவர்களுக்கும் சரி, கிட்டத்தட்ட அதேதான். தாராளமயம் வந்து எல்லாம் மாறிவிட்டது என்ற பேச்சு இந்த எண்ணில் பதியவில்லை.

மொத்த எண் அசையாவிட்டாலும் உள்ளே பெரிய நகர்வு நடந்திருக்கிறது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினரின் எண் ஏறியிருக்கிறது. முஸ்லிம்களின் எண் இறங்கி 29-க்கு வந்திருக்கிறது. ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று சரிக்கட்டியதால் சராசரி சும்மா நிற்பதுபோலத் தெரிகிறது. முதல் கூட்டத்துக்கு இட ஒதுக்கீடு இருந்ததும், இரண்டாவது கூட்டத்தில் பெரும்பாலோருக்கு நாடளவில் இல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். அந்த ஆய்வு அதை நிரூபிக்கவில்லை. இடவாரியாகப் பார்த்தால் தென்னிந்தியா, நகரங்கள், சராசரிப் படிப்பு அதிகமுள்ள மாவட்டங்கள் முன்னால் நிற்கின்றன. இதற்குச் சத்துணவுதான் காரணம், இட ஒதுக்கீடுதான் காரணம் என்று மேடையில் பேசுவது சுலபம். எது எவ்வளவு என்று பிரித்துக் காட்ட இந்தத் தரவு போதாது.

இந்தியாவில் வருமானத்தை விட்டுப் படிப்பை அளவுகோலாக வைத்ததற்குக் காரணம் எளிது. செட்டி குழு அமெரிக்காவில் 4 கோடிப் பிள்ளைகளைப் பெற்றோரோடு இணைத்தது, பெற்றோர் வரிப் படிவத்தில் பிள்ளைகளைச் சார்ந்திருப்போராகக் காட்டியிருந்ததால். நம்மூரில் அப்படி ஒரு பதிவு கிடையாது. வீட்டுக் கணக்கெடுப்பில் யார் எவ்வளவு படித்தார்கள் என்பது தெரியும். முப்பது வருஷத்துக்கு முன் அப்பா என்ன சம்பாதித்தார் என்பது தெரியாது. மேலே சொன்ன 37-ம் மகன்களின் எண்தான். கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்குப் போய்விட்ட மகளைக் கணக்கெடுப்பு அந்த வீட்டு ஆளாகவே எழுதிக்கொள்வதால், அவளைப் பிறந்த வீட்டோடு சேர்த்துப் பார்ப்பது கடினம். பழமொழி வாழ்ந்தவர், தாழ்ந்தவர் என்று எல்லாரையும் சேர்த்துச் சொல்கிறது; நம்மிடம் உள்ள புள்ளிவிவரம் இன்னும் பாதிப் பேரைத்தான் சரியாக எண்ணியிருக்கிறது.